சவமும் சொல்லும்

தமிழில் சாவைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. கையறுநிலையிலிருந்து ஒப்பாரி வரை, சித்தர்களிலிருந்து புதுக்கவிதை வரை, போனவனுக்காக அழுதிருக்கிறோம்; நிலையாமையைப் போதித்திருக்கிறோம்; உடம்பை ஓட்டைச் சட்டி என்று இகழ்ந்திருக்கிறோம். ஆனால் உயிர் போனதற்கும் உடல் எரிவதற்கும் இடைப்பட்ட சில மணி நேரங்களை, சில சமயம் சில நாட்களை, நம் எழுத்து பார்க்க மறுத்தே வந்திருக்கிறது. அந்த நேரத்தில் உடலுக்கு என்ன நேர்கிறது, அதற்கு யார் என்ன செய்கிறார்கள் என்பவை நம் இலக்கியத்துக்கு விஷயமாகவில்லை. ஆத்மாவுக்கு ஆயிரம் சொற்கள் சேர்த்து வைத்த பாஷை, அது விட்டுச் சென்றதைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இங்கிலீஷில் பேசுகிறது. இந்த மௌனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதற்கு நாம் கொடுத்துவரும் விலையும் உண்டு.

திருத்தணி போன்ற ஓர் ஊரில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த விலை அவ்வப்போது கண்ணில் படும். வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போய் அங்கேயே இறந்தவர்களின் கணக்கை முடிக்க வரும் குடும்பங்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வருகின்றன. உறைக்குள் மரணச் சான்றிதழ், ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல், இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம், கூடவே எம்பாமிங் சர்டிபிகேட் என்று ஒரு தாள். வங்கிக்கு வேண்டியது முதல் தாள் மட்டுமே. ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எடுத்து மேஜைமீது வைப்பார்கள். அந்தத் தாளைக் காட்டி, ‘இது என்ன சார்?’ என்று ஒரு பெண் கேட்டால், தமிழில் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. அகராதிச் சொல் ஒன்று இருக்கிறது. அதை அவளிடம் சொல்லக்கூடாது. ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

எம்பாமிங் என்ற தொழிலுக்கு எகிப்து வரை நீளும் வம்சாவளியைச் சொல்வது வழக்கம். இன்று நடைமுறையில் இருப்பது அந்த வம்சமல்ல. இரத்தக் குழாயைத் திறந்து இரசாயனத் திரவத்தைச் செலுத்தும் இன்றைய முறை ஐரோப்பிய உடற்கூற்று அறைகளில் பிறந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வியாபாரமாகியது. 1861 மே மாதத்தில் வர்ஜீனியாவில் எல்மர் எல்ஸ்வொர்த் என்ற இளம் கர்னல் சுட்டுக் கொல்லப்பட்டார். தாமஸ் ஹோம்ஸ் அவர் உடலைப் பாதுகாத்துக் கொடுக்க, வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பிறகு படைகள் போன இடமெல்லாம் எம்பாமர்களின் கூடாரங்களும் போயின. தெற்கே விழுந்த மகனை வடக்கே இருக்கும் தாய்க்கு ரயிலில் அனுப்ப வேண்டும், வழியில் அழுகக்கூடாது. தேவை இவ்வளவுதான். மோசடிகளும் பெருகவே, 1865 மார்ச்சில் ராணுவம் எம்பாமர்களுக்கு அனுமதி முறையைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே லிங்கனின் உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சுமார் 2 வாரம் ரயிலில் ஊர் ஊராகப் போயிற்று. அந்த ரயிலைப் பார்த்தவர்களுக்கு எம்பாமிங் அந்நிய வார்த்தையாக இருந்திருக்க முடியாது.

தொழில் வந்த பிறகு பரிபாஷை வந்தது. அகஸ்ட் ரெனுவார் 1878இல் அமெரிக்காவின் முதல் எம்பாமிங் பாடநூலை வெளியிட்டார். 1882இல் சின்சினாட்டியில் ஜோசஃப் கிளார்க் ஒரு பள்ளி தொடங்கினார். 1894இல் வர்ஜீனியா மாகாணம் இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் செய்தது. 1895இல் தொழில் பத்திரிகை ஒன்று ‘மார்ட்டிஷியன்’ என்ற சொல்லை முன்வைத்தது. அதுவரை ‘அண்டர்டேக்கர்’ என்று அழைக்கப்பட்டவன் ஃபிசிஷியனின் வால்பகுதியை ஒட்டவைத்துக்கொண்டு டாக்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டான். சவப்பெட்டியைக் குறித்த ‘காஃபின்’ போய், நகைப் பெட்டியைக் குறித்த ‘காஸ்கெட்’ வந்தது. ஹாதார்ன் 1863லேயே அந்தச் சொல்லைச் சகிக்க முடியாமல் எழுதிவிட்டார். ஈவ்லின் வா 1948இல் நாவலாகவும், ஜெஸிகா மிட்ஃபோர்ட் 1963இல் நேரடித் தாக்குதலாகவும் இந்தச் சொல் அலங்காரத்தைக் கிழித்தார்கள். சாவை விற்பவன் முதலில் சாவின் பெயரை மாற்றுகிறான் என்பது இருவருடைய புத்தகங்களிலும் தெரிகிறது.

ஆயினும் அந்த அலங்காரத்துக்குக் கீழே ஒரு கறாரான சொற்கூட்டம் இருக்கிறது. உரிமத் தேர்வுக்குப் படிக்கும் அமெரிக்க மாணவன் அதை மனப்பாடம் செய்கிறான். ஆல்கர் மார்ட்டிஸ் என்றால் உடல் சுற்றுப்புறத்தின் வெப்பநிலைக்கு இறங்குவது. லிவர் மார்ட்டிஸ் என்றால் ஓட்டம் நின்ற ரத்தம் கீழ்ப்பக்கம் தங்கித் தோலில் ஊதாத் திட்டுகளாகத் தெரிவது. ரைகர் மார்ட்டிஸ் என்றால் தசைகள் இறுகுவது. இமையிலும் தாடையிலும் முதலில் தென்பட்டு, உடல் முழுக்கப் பரவி, ஒன்றரை நாள் வாக்கில் தளர்ந்துவிடும். வெயில் தேசத்தில் இவ்வளவு அவகாசம் கிடையாது. ட்ரோகார் என்பது வயிற்றறையையும் மார்பறையையும் உறிஞ்சும் நீண்ட குழல் ஊசி. முனை மூன்று பட்டை என்பதால் பிரெஞ்சிலிருந்து வந்த பெயர். ஃபார்மால்டிஹைடு என்ற பெயருக்குள் லத்தீன் எறும்பு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஃபார்மிக் அமிலத்தை முதலில் எறும்புகளை வடித்துத்தான் எடுத்தார்கள். ஹாஃப்மன் 1867இல் இனம்காட்டிய இந்த வாயு 1890களில் உடலைக் கெடாமல் நிறுத்தப் பயன்பட ஆரம்பித்தது. அதுவரை கோலோச்சிய ஆர்சனிக் ஒதுங்கியது.

இந்தப் பட்டியலைப் படிக்கும் தமிழ் மனத்துக்கு ஒன்று உடனே தோன்ற வேண்டும். இவற்றில் முதல் மூன்றும் நமக்குத் தெரிந்தவை. சில்லிட்டுப் போச்சு, நீலம் பாரிச்சிருக்கு, விறைச்சுப் போச்சு என்று எந்தக் கிராமத்துக் கிழவியும் சொல்வாள். தாடை இறுகுமுன் வாய்க்கட்டு கட்ட வேண்டும், கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிய வேண்டும், இமைகளை மூடிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எம்பாமிங் பாடநூல் இதை ‘முக அமைப்பைச் சரிசெய்தல்’ என்று ஓர் அத்தியாயமாக வைத்திருக்கிறது. அறிவு நம்மிடம் இல்லாமலில்லை. லத்தீன் அதைப் பெயர்ச்சொல்லாக வைத்திருக்கிறது; தமிழ் வினையாக வைத்திருக்கிறது. பெயர்ச்சொல்லைத் தேர்வில் கேட்கலாம், படிவத்தில் அச்சடிக்கலாம், சான்றிதழில் ஒப்பமிடலாம். வினை வாயோடு போய்விடும். நம் கலைச்சொற் பிரச்னையின் வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். சொல் இல்லை என்பதல்ல குறை. சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் தாளோடு போகவில்லை என்பதுதான்.

போனவர் ஒருவர் உண்டு. ஆனால் அவரும் கிழவியிடம் போகவில்லை.

ஸாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்து, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருஷம் மானிப்பாயில் அமர்ந்தார். மதத்தைப் பரப்ப வந்தவர்தான், அதை மறைத்தவருமல்ல. ஆனால் மேல்நாட்டு வைத்தியம் தமிழனுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அது தமிழில்தான் போக வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். 1864லிருந்து தமிழிலேயே பாடம் நடந்தது. மாணவர்கள் வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறுவதைக்கூட அவர் ரசிக்கவில்லை. அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60க்கு மேல். ஏறக்குறைய பாதிப்பேர் தமிழில் கற்றவர்கள். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்து அச்சிட்டவை 4000 பக்கங்களுக்கு மேல். ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் 1858இல் வந்தது; ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் 1872இல் வந்தது. 14 வருஷ இடைவெளி. இன்று நமக்கு இது நம்பக்கூடியதாக இல்லை.

கிறீனின் வழி ஒழுங்கானது. முதலில் தமிழ் நூல்களில் தேடு. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கும் இல்லையென்றால் இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ் உடுப்புப் போடு. கெமிஸ்ட்ரிக்குக் ‘கெமிஸ்தம்’ இந்த மூன்றாவது வழியில் வந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் ‘அம்’ விகுதி ஒட்டியதும் அது வேற்றுமை உருபு ஏற்கிறது, வாக்கியத்துக்குள் உட்காருகிறது, நாலு தடவை சொன்னால் அந்நியம் கழன்றுவிடுகிறது. ‘அங்காதிபாதம்’ வேறு ரகம். நம் காதுக்குப் பாதாதிகேசத்தை நினைவூட்டும் சொல் அது. தெய்வத்தைக் கால்முதல் தலைவரை வருணித்த மரபின் ஓசை, வெட்டுமேஜையில் கிடக்கும் அனாதை உடலின்மேல் விழுகிறது. மொழிபெயர்ப்பில் தற்செயலாக நேரும் இத்தகைய கவித்துவம் பெரிய விஷயம். எனினும் சொற்கள் பெரும்பாலும் வடமொழி நிகண்டுகளிலிருந்து வந்தவை. கிழவியின் வினைகள் அவற்றில் அதிகம் இல்லை.

இங்கே ஒரு சரித்திர விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். கிறீன் ஓய்வுக்காக 1857இல் அமெரிக்கா திரும்பி, 1862இல் மறுபடி யாழ்ப்பாணம் கிளம்பியவர். எல்ஸ்வொர்த்தின் உடலை நியூயார்க் பார்த்த மாதம் இந்த இடைவெளிக்குள் விழுகிறது. அமெரிக்கா சவத்தைத் தொழிலாகவும் பரிபாஷையாகவும் மாற்றத் தொடங்கிய அதே நேரத்தில், தமிழுக்கு உடற்கூற்றுப் பரிபாஷை தந்துகொண்டிருந்தவர் அதே மண்ணில் இருந்தார். ஆனால் எம்பாமிங் அன்று வைத்திய சாஸ்திரத்தின் பாடமாக அல்ல, போர்க்களத்து வியாபாரமாக இருந்தது. மானிப்பாய்க்கு வந்த கப்பலில் அது ஏறவில்லை. கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார், 1884இல் இறந்தார். தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார். வூஸ்டரில் அந்தக் கல் இருக்கிறது. அவர் போனபின் தமிழ்ப் பாடம் நிலைக்கவில்லை. அரசாங்க உத்தியோகம் இங்கிலீஷ் படித்தவனுக்கு. தமிழில் படித்த வைத்தியனுக்குக் கிராமம். இந்தக் கணக்கை மாணவர்கள் சீக்கிரம் போட்டுவிட்டார்கள்.

பிற்பாடு வந்தவை கமிட்டிகள். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் வைத்தார்கள். 1934இல் திருநெல்வேலியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பிறந்து, சில வருஷங்களில் ஒரு சொற்றொகுதியைக் கொண்டுவந்தது. 1940இல் சீனிவாச சாஸ்திரியின் தலைமையில் அரசாங்கம் அமைத்த குழு வடமொழிப் பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். சமஸ்கிருதமா தனித்தமிழா என்பதே சண்டை. சொல்லைப் பயன்படுத்தப் போகிறவன் எங்கே இருக்கிறான் என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்பியதாகத் தெரியவில்லை. பிணவறையில் வேலை செய்பவர்கள் எந்தக் குழுவிலும் உட்காரவில்லை. அவர்கள் எந்த ஜாதிகளிலிருந்து வந்தார்கள் என்பதை நினைத்தால், ஏன் என்று கேட்க வேண்டியதுமில்லை. சவத்தைத் தொடுகிறவனிடமிருந்து அதற்கான சொல்லை வாங்குவது, அவன் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பதைப் போன்றது. எந்த விகுதி போடலாம் என்று நூறு வருஷம் விவாதிக்கத் தெரிந்த நம் படிப்பாளிகளுக்கு இது மட்டும் தோன்றாமல் போயிற்று.

இந்த மௌனத்துக்கு நடுவில் பதில் ஏற்கெனவே சில இடங்களில் கிடந்தது என்பதுதான் வேடிக்கை. ஆதியாகமத்தின் 50ஆம் அதிகாரத்தில், எகிப்தில் யோசேப்பு தன் தகப்பன் யாக்கோபின் உடலை எம்பாம் செய்யும்படி வைத்தியர்களுக்குக் கட்டளையிடுகிறான். 40 நாள் ஆயிற்று என்கிறது விவிலியம். பல தலைமுறைகளாகச் சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் ‘சுகந்தவர்க்கமிடுதல்’ என்கிறது. பாம் என்றால் நறுமணத் தைலம். எம்பாம் என்றால் அதை இடுவது. மூலத்தின் கற்பனையை அப்படியே பிடித்த சொல். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடியானவனுக்கு இந்தச் சொல் தெரியும். கலைச்சொல் குழுக்களுக்குத் தெரிந்திருந்தால், அதை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு மதத்தின் ஓரத்தில் கிடந்ததாலேயே அது பாஷையின் நடுவுக்கு வராமல் போயிற்று.

ராமாயணத்தை எடுத்துக்கொள்வோம். தசரதன் இறந்தபோது பரதன் கேகய நாட்டில் இருக்கிறான். மகன் வந்து தகனம் செய்யும்வரை அரசன் உடலைத் தைலம் நிரப்பிய தோணியில் வைத்துக் காக்கிறார்கள். வால்மீகி சொன்னதைக் கம்பனும் விடவில்லை. இதில் கவனிக்க வேண்டியது காரணம். எகிப்தியன் உடலைக் காத்தது மறுமைக்காக. அயோத்தி காத்தது, மகன் தூரத்தில் இருந்ததால். இன்று நம் தெருக்களில் வாடகைக்கு வரும் ஐஸ் பெட்டிக்கும் அதே காரணம்தான். மகன் அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறிவிட்டான். அதுவரை காக்க வேண்டும். ரியாத்திலோ துபாயிலோ இறந்த கூலித் தொழிலாளியின் இரத்தக் குழாயில் ஃபார்மலின் ஏற்றுவதற்கும் அதே காரணம், திசைதான் மாற்றம். இங்கே தூரத்திலிருந்து வருவது மகன் அல்ல, பிணம். விமானத்தில் வரும் சடலத்துக்கு எம்பாமிங் சான்று வேண்டுமென்பது 1954ஆம் வருஷத்திய இந்திய விமானப் பொதுச் சுகாதார விதிகளின் சமாசாரம். இன்று சாதாரணத் தமிழ்க் குடும்பங்களுக்கு எம்பாமிங் அறிமுகமாவது அரசர்கள் வழியாக அல்ல, பெரும்பாலும் இந்தச் சரக்கு விமானங்களின் வழியாகத்தான்.

அரசர்கள் வழியாகவும் ஒரு முறை அறிமுகமாயிற்று. 2016 டிசம்பர் 5ஆம் தேதி இரவு ஜெயலலிதா இறந்தார். மறுநாள் ராஜாஜி மண்டபத்தில் கிடத்தப்பட்ட உடலின் கன்னத்தில் சில புள்ளிகளைத் தொலைக்காட்சியில் ஜனங்கள் பார்த்தார்கள். அந்தப் புள்ளிகளிலிருந்து வதந்திகள் முளைத்தன. எம்பாமிங் செய்திருக்கிறார்கள் என்ற செய்தி சந்தேகத்தைத் தணிக்கவில்லை. அதுவே சந்தேகத்துக்குச் சான்றாகியது. முன்பே இறந்தவரை மறைத்து வைத்திருந்தார்களோ என்று கேட்டார்கள். 2017 பிப்ரவரியில் டாக்டர்கள் செய்தியாளர்களைக் கூட்டி விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. எம்பாமிங்குக்குப் பொறுப்பேற்றிருந்த சென்னை மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுப் பேராசிரியர் சுதா சேஷய்யன் நல்ல தமிழறிவும் மேடைத் தமிழும் உள்ளவர். அவரே விளக்கியும், பத்திரிகைகளில் நின்ற சொல் ‘எம்பாமிங்’ தான். ஒரு சமூகம் முழுவதும் ஒரு காரியத்தைக் கண்ணால் பார்த்தது. அதற்குத் தன் பாஷையில் பெயரில்லாததால் அதைச் சதியாக வாசித்தது. மற்றக் காரணங்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரிக் கதவு 75 நாள் மூடியிருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் பெயரில்லாத காரியத்தின்மேல் அச்சம் சுலபமாக ஏறிக்கொள்கிறது.

இனி அந்த அகராதிச் சொல். ‘பதப்படுத்துதல்’, ‘பதனிடுதல்’ என்று எழுதுகிறார்கள். பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராகப் பதனிடுவது தோல். பதப்படுத்துவது மீன், பால், பழரசம். இரசாயன ரீதியாக இந்தச் சொல்லில் தவறில்லை. பயங்கரமான அளவுக்குச் சரி. ஃபார்மால்டிஹைடு உடலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிக் கிருமிக்கு உணவாகாமல் இறுக்குகிறது. தோல் பதனிடுவதிலும் அடிப்படையில் நடப்பது அத்தகைய பின்னல்தான். ஆனால் கணவனை இழந்தவளிடம் ‘உங்க வீட்டுக்காரரைப் பதப்படுத்தியதற்கான சான்றிதழ் அம்மா இது’ என்று சொல்ல முடியுமா? சாஸ்திரத்துக்குச் சரியான சொல் மனுஷனுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. கலைச்சொல் என்பது பொருளுக்கு ஒட்டும் சீட்டு என்று நினைக்கிறவர்களுக்கு இது புரியாது. ஒவ்வொரு சொல்லும் தான் முன்பு வேலை செய்த இடங்களின் வாடையோடுதான் புது இடத்துக்கு வருகிறது.

அகராதி கைவிட்ட இடத்தைப் பேச்சு நிரப்பிக்கொண்டது, ‘பாடி’ என்ற சொல்லால். பிணம் என்றால் முகத்தில் அறைகிறது. சவம் வசவாகிவிட்டது. பிரேதம் போலீஸ் காகிதத்துக்கும் புரோகிதருக்கும் சொந்தம். பூதவுடல் தலைவர்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் உறவினரும் ஆம்புலன்ஸ் டிரைவரும் வார்டு பாயும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது ‘பாடி’. ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போனாலும் தெலுங்கில் இதே சொல்தான். அந்நியச் சொல் என்பதே அதன் அனுகூலம். வலிக்கும் இடத்தைத் துணி சுற்றிப் பிடிப்பதுபோல. ஆனால் அது செய்யும் இன்னொரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். போன வாரம் வரை ‘அவர் ஆடிக்கிருத்திகைக்கு வருவார்’ என்றவர்கள், இப்போது ‘பாடி நாளைக்கு வரும்’ என்கிறார்கள். வருவார் என்பது வரும் என்றாகும் அந்த ஒரு விகுதியில் உயர்திணை அஃறிணையாகிறது. தமிழ் இலக்கணத்தில் சாவு நிகழ்கிற இடம் இதுதான். எந்த ஒப்பாரியையும்விட எனக்கு இது கொடியதாகத் தோன்றுகிறது.

இந்த ஊருக்கு மொழிப் பிரச்னை புதிதல்ல. சித்தூர் ஜில்லாவோடு ஆந்திரத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. கிராமம் கிராமமாக எந்த பாஷை பேசுகிறார்கள் என்று எண்ணிக் கோடு கிழித்தார்கள். அந்தப் போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பாஷைக்காக மலையைப் பெற்றுக்கொண்ட நாம், பாஷைக்குள் எதைப் பெற்றுக்கொண்டோம் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. எல்லைக் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு, நம் சாவை நமக்கு அறிவிக்கும் தாளை நம்மால் வாசிக்க முடியவில்லை.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் மருத்துவப் பாடநூல்கள் வெளியாயின. உடற்கூற்று நூலும் அதில் ஒன்று. இங்கிலீஷ் சொற்களை நாகரி லிபியில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பலர் பரிகசித்தார்கள். அந்தப் பரிகாசம் பாதி நியாயம்தான். லிபி மாற்றுவதும் ஒரு வழியே. கிறீன் அதை மூன்றாவது வழியாக வைத்தார், இவர்கள் முதல் வழியாக வைத்துவிட்டார்கள் என்பதே வித்தியாசம். ட்ரோகாரை ட்ரோகார் என்று வைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. அது மேஜையைச் சுற்றி நிற்பவர்களின் கருவி. ஃபார்மலினுக்கும் அப்படியே. ஆனால் மேஜையில் கிடப்பவருக்கு என்ன செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் சொல் வீட்டுக்கு வர வேண்டிய சொல். இரண்டையும் ஒரே பட்டியலில் அகர வரிசைப்படுத்துவதுதான் நம் அகராதிக்காரர்களின் ஆதிப் பாவம்.

வீட்டுக்கு வரக்கூடிய சொல் தமிழில் உண்டா? ஸ்ரீரங்கத்தில் ராமாநுஜரின் சந்நிதிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே இருப்பது விக்ரகமல்ல, 1137இல் பரமபதித்த ஆசாரியரின் உடலே என்பது வைணவ மரபின் நம்பிக்கை. ‘தானான திருமேனி’ என்று பெயர். பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் குழைத்து வருஷத்துக்கு இரு முறை சாத்துகிறார்கள். அதே கோயிலில் பெரிய பெருமாளுக்குச் செய்வது தைலக்காப்பு. எந்த மலைக்கோயிலிலும் சந்தனக் காப்பு என்ற சொல்லைக் கேட்காமல் இறங்க முடியாது. கெடாமல் காப்பதற்காக மேனியில் இடுவது காப்பு. காவலும் காப்பு, குழந்தையின் கையில் பூட்டுவதும் காப்பு. ராத்திரி முழுக்கப் பிணத்தருகே விழித்திருப்பதைக் கிராமத்தில் பிணம் காப்பது என்றுதான் சொல்கிறார்கள். ஆக, உடலைக் காத்து நிறுத்துவதற்குத் தமிழில் சொல்லும் இருந்தது, சொல்லைச் சுற்றி மரியாதையும் இருந்தது. தெய்வத்துக்கும் ஆசாரியருக்கும் திருமேனி, காப்பு. சவூதியில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவனுக்கு பாடி, எம்பாமிங். இது அகராதியில் உள்ள இடைவெளி அல்ல. யாருடைய உடல் காக்கத் தக்கது என்று நாம் நெடுங்காலமாக வைத்திருக்கும் தரப்பட்டியல்.

அந்தப் பட்டியலுக்குச் சட்டமும் சாட்சி. 1951ஆம் வருஷத்து உடற்கூற்றுச் சட்டம், யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. இங்கிலாந்து 1832இல் செய்ததைப் பின்பற்றிய ஏற்பாடு. கிரேயின் புத்தகத்துக்கு மேஜையில் கிடந்தவர்கள் லண்டனின் ஏழைகள். கிறீன் தமிழாக்கிய ஒவ்வொரு நரம்பும் எலும்பும் அப்படிப்பட்ட ஒருவருடையது. சாஸ்திரத்துக்கு உடலைக் கொடுத்தவர்கள் அவர்கள். அதிலிருந்து பிறந்த சொற்கள் மட்டும் அவர்கள் வாசலுக்கு வரவில்லை. இறந்தபின் தங்கள் உடலைத் தாங்களே எழுதிக் கொடுக்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள். கொடுப்பதற்கு ‘தானம்’ என்ற சொல் கிடைத்தது. அது அந்தக் காரியத்தை எவ்வளவோ சுலபமாக்கிற்று. சரியான சொல்லால் ஆகிற காரியம் உண்டு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

‘உடற்காப்பு’ என்று நாளைக்கே யாராவது பட்டியலில் சேர்த்துவிடுவார்கள் என்பதற்காக இதை எழுதவில்லை. பட்டியலில் சேர்ந்த சொற்கள் அங்கேயே காப்பிடப்பட்டுக் கிடக்கும். ஆனால் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்: ‘உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்திக் காப்புப் போட்டு அனுப்பியிருக்காங்கம்மா. அதுக்கான தாள் இது.’ ஒரு வார்த்தைக்குப் பதில் முழு வாக்கியம். அதில் அவர் பண்டம் அல்ல. யாரோ அவரைப் பத்திரமாக அனுப்பியிருக்கிறார்கள். வினை போதும். விறைச்சுப் போச்சு, சில்லிட்டுப் போச்சு என்று சொல்லத் தெரிந்த பாஷைக்குக் காப்புப் போட்டாங்க என்று சொல்லவும் தெரியும்.